செரெங்கெட்டிக்குக் குடும்பத்துடன் முதல் பயணம்: பத்து நாட்களை எப்படிப் பயன்படுத்துவது?

வினா
எழுதியவர்: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். அடுத்த ஆண்டு நானும் என் மனைவியும், 11 வயது மகளும், 67 வயதான என் தாயாரும் தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்குச் செல்லத் திட்டமிட்டிருக்கிறோம். எங்களில் யாரும் இதுவரை ஆப்பிரிக்கக் கண்டத்தில் கால் வைத்ததில்லை. இதற்காக ஆறு ஆண்டுகளாகச் சேமித்து வந்திருக்கிறோம். இன்னொரு முறை போக வாய்க்குமா என்று சொல்ல முடியாது. தவறான முடிவை எடுத்துவிடக் கூடாதே என்ற கவலை அதனால்தான் எனக்கு அதிகமாக இருக்கிறது.

பயண முகவர் ஒருவர் பத்து நாள் திட்டம் அனுப்பியிருக்கிறார். அருஷா நகரில் தொடங்கி, தரங்கிரே பூங்காவில் ஒரு நாள், மன்யாரா ஏரியில் ஒரு நாள், இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் ஒரு நாள், செரெங்கெட்டியில் ஒரே ஓர் இரவு, அங்கிருந்து எல்லை கடந்து கென்யாவின் மசாய் மாராவில் இரண்டு இரவுகள், பிறகு நைரோபி, கடைசியாகச் சான்சிபார் கடற்கரை என்று அது நீள்கிறது. பார்ப்பதற்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் என் தாயாருக்கு முழங்கால் வலி உண்டு. அவர் சைவ உணவு மட்டுமே உண்பவர். இந்த அலைச்சலை அவர் தாங்குவாரா என்று தெரியவில்லை.

வில்டபீஸ்ட் கூட்டம் ஆற்றைக் கடக்கும் காட்சியைப் பள்ளியில் ஒளிப்படமாகக் கண்டதிலிருந்து என் மகள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். எந்த மாதத்தில் போவது நல்லது, இந்தத் திட்டத்தை ஏற்கலாமா, தடுப்பூசி எவை தேவை, செலவு எங்கெல்லாம் கூடும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.


மறுமொழி
எழுதியவர்: நெடுவழி

வணக்கம் ஐயா. செரெங்கெட்டிக்கு நான் இரண்டு முறை சென்றிருக்கிறேன். முதலில் ஓர் ஆகஸ்டு மாதத்தில், பிறகு ஒரு பிப்ரவரியில். முதல் பயணத்தின்போது, உங்களுக்கு வந்திருப்பதைப் போன்ற ஒரு திட்டத்தை நம்பிப் போய், பகற்பொழுதில் பெரும்பகுதியை வண்டியின் சன்னலோரத்தில் புழுதியைப் பார்த்தபடியே கழித்தேன். ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் திட்டத்தில் பாதியை வெட்டிவிட்டு, மிச்சமாகும் நாட்களைச் செரெங்கெட்டிக்கே கொடுங்கள்.

பூங்காவின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். அருஷாவிலிருந்து அதன் நடுப்பகுதியான செரோனேராவுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கோரோங்கோரோவின் வாயிலோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரிவரியாக அரித்துப் போன மண்சாலையில் வண்டி உதறிக்கொண்டே போகும். வழியில் நிற்காமல் போனாலே ஏழு, எட்டு மணி நேரம் ஆகும். ஓர் இரவு மட்டும் தங்குவதென்றால், மாலை மங்கும் வேளையில் களைத்துப் போய்ச் சேர்ந்து, மறுநாள் விடிந்ததும் புறப்பட்டுவிடுவீர்கள். ஆறு ஆண்டுச் சேமிப்புக்கு அது நியாயமாகாது.

மசாய் மாராவைப் பொறுத்தவரை, நிலப்படத்தில் அது செரெங்கெட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது உண்மைதான். விலங்குகளுக்கு அங்கே எல்லை கிடையாது, நமக்குத்தான் உண்டு. சுற்றுலா வண்டிகள் பூங்காவிலிருந்து பூங்காவுக்கு நேராகக் கடக்க முடியாது. மேற்கே விக்டோரியா ஏரிப் பக்கமாகச் சுற்றிப் போய், எல்லைச் சாவடியில் குடிநுழைவுச் சடங்குகளை முடித்து, வண்டியையும் ஓட்டுநரையும் மாற்றிக்கொண்டு மறுபக்கம் இறங்க வேண்டும். ஒரு பகல் அதிலேயே கரைந்துவிடும். கென்யாவுக்கு 2024 சனவரி முதல் தனியாக மின்னணுப் பயண அனுமதியும் வாங்க வேண்டியிருக்கிறது. மாரா அழகான இடம், மறுக்கவில்லை. ஆனால் அங்கே பார்ப்பதெல்லாம் செரெங்கெட்டியில் இருப்பதன் தொடர்ச்சிதான்.

இனி மாதத்தைப் பற்றி. வில்டபீஸ்ட் என்பதை நம் செய்தித்தாள்கள் சில நேரம் காட்டெருமை என்று எழுதிவிடுகின்றன. அது உண்மையில் மான் இனங்களுக்கு நெருங்கிய, தாடியும் பிடரியும் உள்ள வேறொரு விலங்கு. பதின்மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வில்டபீஸ்ட்களும், இரண்டு லட்சம் அளவிலான வரிக்குதிரைகளும், அவற்றோடு சிறுமான்களும் மழையைப் பின்தொடர்ந்து ஆண்டு முழுவதும் வட்டமடிக்கின்றன. தொடக்கமும் முடிவும் இல்லாத வட்டம் அது. எனவே எந்த மாதத்தில் போனாலும் கூட்டம் எங்கோ ஓரிடத்தில் இருக்கும். நாம் தங்கும் இடம் அதற்கு அருகில் அமைகிறதா என்பதுதான் கேள்வி.

தென்கிழக்கே உள்ள குறும்புல் சமவெளி எரிமலைச் சாம்பலால் ஆனது. ஒல் டொய்னியோ லெங்கை என்ற எரிமலை இன்றும் உயிரோடு இருக்கிறது. அந்தச் சாம்பல் மண்ணில் சற்று ஆழத்தில் சுண்ணாம்புப் படிவம் பாறைபோல் இறுகிக் கிடப்பதால் மரங்கள் வேர்விட முடிவதில்லை. புல் மட்டுமே முளைக்கிறது. ஆனால் அந்தப் புல்லில் கால்சியமும் பாஸ்பரசும் மிகுதி. கன்றுக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டியது அதுதான். ஆகவே சனவரி முதல் மார்ச்சு வரை கூட்டம் தெற்கே என்டுட்டு ஏரிப் பகுதியில் தங்கிக் கன்று ஈனுகிறது. மழை நின்றதும் அந்தச் சமவெளியில் குடிக்கத் தண்ணீர் இருக்காது. மே, ஜூன் மாதங்களில் கூட்டம் மேற்கே குருமேட்டி ஆற்றுப் பக்கம் நகர்ந்து, ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றங்கரையில் இருந்துவிட்டு, நவம்பரில் சிறுமழை தொடங்கியதும் தெற்கு நோக்கித் திரும்புகிறது. ஏப்ரல், மே மாதங்கள் பெருமழைக் காலம். கட்டணம் குறையும், ஆனால் கரிசல் மண்ணில் சக்கரம் புதைந்தால் மணிக்கணக்கில் நிற்க நேரும்.

ஆற்றைக் கடக்கும் காட்சி வேண்டுமானால் ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ வடக்கே கோகாடெண்டேவில் தங்க வேண்டும். நான் போனபோது மூன்று பகல்கள் கரையில் காத்திருந்தேன். ஆயிரக்கணக்கில் வந்து விளிம்பில் நிற்கும். முன்னால் நிற்பது கீழே இறங்கப் பார்க்கும். ஏதோ ஒரு நிழல் அசைந்ததும் அத்தனையும் திரும்பி ஓடிவிடும். இரண்டு நாட்கள் இப்படியே போயின. மூன்றாம் நாள் பிற்பகலில் ஒன்று குதித்ததும் கரையே சரிந்து விழுவதுபோல் மற்றவை இறங்கின. பார்க்கத் தகுந்ததுதான். ஆனால் அது நிகழும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. உறுதி அளிக்கும் முகவரை நம்ப வேண்டாம்.

உங்கள் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது பிப்ரவரி. என்டுட்டுவில் மூன்று இரவுகள், செரோனேராவில் மூன்று இரவுகள், திரும்பும் வழியில் இங்கோரோங்கோரோவில் ஓர் இரவு, தொடக்கத்திலும் முடிவிலும் அருஷாவில் ஓய்வு. தரங்கிரேயில் யானைகள் பெருந்திரளாகச் சேர்வது ஜூலை முதல் அக்டோபர் வரையிலான வறண்ட மாதங்களில்தான். பிப்ரவரியில் அதை விட்டுவிடலாம். சான்சிபாரையும் விட்டுவிடுங்கள். கடல் எங்கும் இருக்கிறது.


மறுமொழி
எழுதியவர்: மேருவடிவாரம்

வணக்கம். பணி நிமித்தமாக ஒன்பது ஆண்டுகளாக அருஷாவில் வசிக்கிறேன். முன்னவர் சொன்ன திட்டத்தை முழுமையாக ஏற்கிறேன். செலவு, வண்டி, உணவு ஆகியவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இங்கே செலவைத் தீர்மானிப்பது பூங்காக் கட்டணம். செரெங்கெட்டியில் பயணிகள் மிகுதியாக வரும் பருவத்தில் வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு 70 அமெரிக்க டாலர், அதன் மேல் 18 விழுக்காடு வரி. 5 முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மிகவும் குறைவு. இது ஒரு நாளைக்கு அல்ல, நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்கு. இதை உங்கள் தாயாரிடமும் மகளிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஏனென்றால் கடைசி நாளில் ஓட்டுநர் திடீரென்று விரைந்து ஓட்டுவதும், சிங்கத்தைக் கண்டும் நிற்காமல் போவதும் பலருக்கு வருத்தத்தைத் தருகின்றன. நேரம் கடந்தால் இன்னொரு நாள் கட்டணம் விழும் என்பதே காரணம். என்டுட்டுவின் பெரும்பகுதி செரெங்கெட்டிப் பூங்காவுக்குள் வராமல், இங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது. அதற்குத் தனிக் கட்டணம். எரிமலைப் பள்ளத்துக்குள் இறங்க ஆள் கணக்கு போக, வண்டி ஒன்றுக்கும் கட்டணம் உண்டு. வரியோடு ஏறத்தாழ 295 டாலர். எனவே முகவர் தரும் தொகையில் இவை அனைத்தும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு, நான் பெயர் சொல்ல விரும்பாத ஒரு முகவர், பள்ளத்தின் வாயிலில் நிற்கும்போதுதான் அந்தத் தொகை தனி என்று தொலைபேசியில் சொன்னார். அவர்கள் விளிம்பிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

வண்டி உங்கள் நால்வருக்கு மட்டும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மேற்கூரை உயரும் லேண்ட் குரூசர்தான் இங்கே வழக்கம். பிறரோடு பகிர்ந்துகொண்டால் செலவு குறையும் என்பது சரியே; ஆனால் ஒருவர் பறவைக்காக நிற்கச் சொல்வார், மற்றவர் சிங்கத்திடம் போகச் சொல்வார். முதிய வயதினர் ஒருவர் வரும்போது, களைப்பாக இருக்கிறது, விடுதிக்குத் திரும்பலாம் என்று தயங்காமல் சொல்லும் உரிமை உங்களுக்கு வேண்டும்.

உணவுக்குக் கவலை வேண்டாம். குஜராத்தி குடும்பங்கள் தலைமுறைகளாக அருஷாவில் வாழ்கின்றன. பருப்பும் அரிசியும் மசாலாவும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். விடுதிகளில் சைவம் என்று முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் சமைத்துத் தருவார்கள். சோற்றுக்கு இங்கே வாலி என்று பெயர். காராமணி போலப் பயறு வகையை வேகவைத்துச் செய்வதை மஹராகே என்பார்கள். சபாத்திக்குச் சபாத்தி என்றே பெயர். எம்சிச்சா என்பது நம் தண்டுக்கீரையின் உறவுதான். வெங்காயம் தக்காளியோடு வதக்கித் தருவார்கள், உங்கள் தாயாருக்கு நிச்சயம் பிடிக்கும். சிக்கல் மதிய உணவில்தான். காலையில் அட்டைப்பெட்டியில் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். சைவம் என்றால் காய்ந்த ரொட்டித் துண்டும் வாழைப்பழமுமாக முடிந்துவிடும். முதல் நாளே அதைப் பார்த்து, சூடான சோறு தூக்குப் பாத்திரத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள். மறுக்க மாட்டார்கள்.

நெகிழிப் பைகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள். 2019 ஜூன் 1 முதல் தான்சானியாவில் அவற்றுக்குத் தடை இருக்கிறது. விமானப் பயணிகளுக்கும் அது பொருந்தும். துணிப்பைகளே போதும்.

இன்னொன்று. ஓட்டுநர்தான் இங்கே வழிகாட்டி. அவர் பெயரைக் கேட்டுப் பெயர் சொல்லி அழையுங்கள். காலையில் ஹபாரி என்று நலம் விசாரியுங்கள். அசாந்தே என்று நன்றி சொல்லுங்கள். சிம்பா என்றால் சிங்கம், தெம்போ யானை, சுயி சிறுத்தை, துவிகா ஒட்டகச்சிவிங்கி, ஃபிசி கழுதைப்புலி, ந்யூம்பு வில்டபீஸ்ட். சஃபாரி என்ற சொல்லே சுவாகிலியில் பயணம் என்றுதான் பொருள்படும். உங்கள் மகள் இரண்டு நாட்களில் இவற்றைக் கற்றுக்கொண்டுவிடுவாள். கம்பியில்லா வானொலியில் ஓட்டுநர்கள் பேசிக்கொள்வதும் அவளுக்குப் புரியத் தொடங்கும்.


மறுமொழி
எழுதியவர்: பொதுமருத்துவம்

நான் மருத்துவர்; குடும்பத்துடன் ஒருமுறை அங்கே சென்று வந்தவள். உங்கள் தாயாரின் வயதை முன்னிட்டு ஒரு செய்தியை அழுத்தமாகச் சொல்ல வேண்டும்.

மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளிலிருந்து இந்தியா திரும்புவோரிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படும். இல்லாதவரை ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. கென்யாவும் எத்தியோப்பியாவும் அந்தப் பட்டியலில் உள்ளவை. நீங்கள் எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்பது மட்டுமல்ல, எந்த நாட்டு விமான நிலையத்தில் இறங்கி மாறுகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். எனவே பயணச்சீட்டு எடுக்குமுன் இந்திய அரசின் அப்போதைய பட்டியலைப் பார்த்துவிடுங்கள். ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும். 2016 முதல் அது வாழ்நாள் முழுமைக்கும் போதுமானது. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இது உயிருள்ள, வலுக்குறைத்த வைரசைக் கொண்ட தடுப்பூசி. 60 வயதைக் கடந்தவர்கள் முதல் முறையாக இதைப் போட்டுக்கொள்ளும்போது கடுமையான பக்கவிளைவு ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அரிதானதுதான், ஆனாலும் 67 வயதில் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. உங்கள் தாயாரை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம், அவர் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலோடு சென்று பேசுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால், மாராவையும் நைரோபியையும் கைவிடுவதற்கும், வளைகுடா நாடுகள் வழியாகக் கிளிமஞ்சாரோ விமான நிலையத்தில் நேரே இறங்குவதற்கும் அதுவே போதிய காரணம்.

மலேரியாத் தடுப்பு மாத்திரை நால்வருக்கும் தேவைப்படும். மகளுக்கு உடல் எடைக்கு ஏற்ற அளவு என்பதால் நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம். செட்சி ஈக்கள் மரங்கள் அடர்ந்த பகுதியிலும் மேற்குப் பக்கத்திலும் அதிகம். கொசு விரட்டும் களிம்புக்கு அவை அவ்வளவாக அடங்குவதில்லை, துணிக்கு மேலேயே கடிக்கும். கருநீலமும் கறுப்பும் அவற்றைக் கவரும். சாலையோர மரங்களில் நீலமும் கறுப்புமான துணிகள் தொங்குவதைப் பார்ப்பீர்கள். அவை பூச்சிமருந்து தோய்த்த பொறிகள். ஜீன்சை வீட்டிலேயே விட்டுவிட்டு, காக்கி, சாம்பல், வெளிர்பச்சை நிறத்தில் தளர்வான உடை எடுத்துச் செல்லுங்கள். பெண்கள் பருத்திச் சல்வார் அணிவது வசதி.

பெண்கள் வெளிப்படையாகக் கேட்கத் தயங்கும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நடுக்காட்டில் கழிப்பறை இருக்காது. வண்டியைவிட்டு இறங்கவும் கண்ட இடத்தில் அனுமதி கிடையாது. இதற்குப் பயந்து என் மாமியார் முதல் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிட்டு, இரவில் தலைவலியும் குமட்டலுமாகப் படுத்துவிட்டார். ஓட்டுநரிடம் காலையிலேயே சொல்லிவிட்டால், சுற்றிலும் பார்த்து, பாதுகாப்பான வெட்டவெளியில் வண்டியை மறைப்பாக நிறுத்தித் தருவார். அவர்களுக்கு இது அன்றாட வேலை. இங்கோரோங்கோரோவின் விளிம்பு ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவில் நன்றாகக் குளிரும். தாயாருக்குக் கம்பளிச் சட்டையும் காதுக்குத் துணியும் அவசியம்.


மறுமொழி
எழுதியவர்: வைகைக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தடுப்பூசி பற்றிய குறிப்பை இதுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. தாயாரின் மருத்துவரைப் பார்த்தோம். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். எனவே கென்யாவைக் கைவிட்டுவிட்டோம். பிப்ரவரி என்று ஏறத்தாழ முடிவு செய்திருக்கிறோம். ஆற்றைக் கடக்கும் காட்சி இருக்காது என்றதும் மகளின் முகம் வாடிவிட்டது. கன்றுகள் பிறக்கும் காலம் என்று சொன்னேன், சற்றுத் தெளிந்தாள்.

ஆனால் ஒரு தயக்கம். கன்று பிறக்கும் இடத்தில்தானே வேட்டையும் மிகுதியாக நடக்கும்? பிறந்து சில நிமிடங்களே ஆன கன்றைச் சிங்கமோ கழுதைப்புலியோ பிடிப்பதை 11 வயதுக் குழந்தை நேரில் பார்த்தால் மனம் பாதிக்காதா? நெடுவழி ஐயா இதைப் பற்றி எழுத வேண்டும்.


மறுமொழி
எழுதியவர்: நெடுவழி

நியாயமான தயக்கம் ஐயா. வேட்டையைப் பார்க்க நேரும். மறைக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். ஆற்றைக் கடப்பதிலும் மரணம் உண்டு என்பதை மறக்க வேண்டாம். மாரா ஆற்றில் ஆண்டுக்குச் சராசரியாக 6,000க்கு மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் மூழ்கி இறப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒளிப்படத்தில் அது வீரமாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

நான் என்டுட்டுவில் கண்டதைச் சொல்கிறேன். காலை எட்டு மணி இருக்கும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கூட்டம். தவளைகள் கத்துவதுபோல் இடைவிடாத முனகல். வண்டிக்கு முப்பது அடி தள்ளி ஒரு தாய் படுத்தும் எழுந்தும் தவித்துக்கொண்டிருந்தது. கன்று வழுக்கி விழுந்தது. ஈரமான உடம்பில் மண்ணும் புல்லும் ஒட்டியிருக்க, முன்னங்கால்களை ஊன்றியது, மூக்கு தரையில் மோதிச் சாய்ந்தது. மறுபடியும் ஊன்றியது, பின்னங்கால்கள் விரிந்து சாய்ந்தது. தாய் நக்கிக்கொண்டே சுற்றி வந்தது. நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ நின்றுவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஏழு நிமிடம். அடுத்த சில நிமிடங்களில் தாயின் விலாவோடு ஒட்டிக்கொண்டு ஓடத் தொடங்கிவிட்டது. பெரும்பாலான கன்றுகள் இரண்டு, மூன்று வாரங்களுக்குள் ஒரேயடியாகப் பிறந்துவிடுகின்றன. வேட்டை விலங்குகள் எத்தனை உண்டாலும் வயிறு ஒன்றுதானே. கூட்டத்தின் நடுவில் பிறந்தவற்றில் மிகப் பல பிழைத்துக்கொள்கின்றன. முன்னதாகவோ பின்னதாகவோ தனியே பிறப்பவைதான் எளிதில் சிக்குகின்றன. இந்த விளக்கத்தை முன்பே சொல்லி அழைத்துச் சென்றால், உங்கள் மகள் அழுதாலும் புரிந்துகொண்டு அழுவாள்.

அதே பயணத்தில் என்னை வருத்திய ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு சிவிங்கிப்புலி நான்கு குட்டிகளுடன் கரையான் புற்றின் மேல் உட்கார்ந்து சமவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தது. வானொலியில் செய்தி பரவியது. கால் மணி நேரத்தில் இருபதுக்கு மேற்பட்ட வண்டிகள் சூழ்ந்துகொண்டன. அது இறங்கி ஒரு சிறுமானை நோக்கிப் பதுங்கியபோது இரண்டு வண்டிகள் குறுக்கே பாய்ந்தன, மான் விழித்துக்கொண்டது. குட்டிகளோடு அது திரும்பி வந்து, எங்கள் வண்டியின் நிழலில் மூச்சிரைக்கப் படுத்தது. சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும் பயந்து பகலில் வேட்டையாடும் விலங்கு அது. அன்றைய வேட்டை தவறினால் குட்டிகளுக்குப் பட்டினிதான். சுற்றுலா வண்டிகள் மிகுந்த இடங்களில் சிவிங்கிப்புலியின் குட்டிகள் வளர்ந்து ஆளாவது குறைகிறது என்று மசாய் மாராவில் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. என்டுட்டுவில் பாதையைவிட்டு விலகி ஓட்ட அனுமதி இருப்பதால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். செரோனேராவில் பாதையைவிட்டு இறங்கக் கூடாது.

ஓட்டுநர்கள் மேல் மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். பின்னால் இருந்து, இன்னும் பக்கத்தில் போங்கள், இனாம் தருகிறேன் என்று நெருக்குவது நாம்தான். முதல் நாள் காலையிலேயே உங்கள் ஓட்டுநரிடம், எங்களுக்கு நெருக்கம் வேண்டாம், விலங்குக்குத் தொந்தரவு என்று உங்களுக்குத் தோன்றினால் விலகிவிடுங்கள், எங்களுக்கு மகிழ்ச்சியே என்று சொல்லிவிடுங்கள். அவர் முகத்தில் தெரியும் நிம்மதியைப் பார்ப்பீர்கள். எங்கள் ஓட்டுநரிடம் அப்படிச் சொன்ன பிறகு, அவர் வானொலியின் ஒலியைக் குறைத்துவிட்டு, செரோனேரா ஆற்றோரமாக மெல்ல ஓட்டி, சுரைக்காய் போன்ற நீண்ட காய்கள் தொங்கும் கிகேலியா மரம் ஒன்றின் அடியில் நிறுத்தினார். எதுவும் தெரியவில்லை. பத்து நிமிடம் கழித்து, காய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று நுனியில் சுருண்டது. சிறுத்தையின் வால். இரண்டு மணி நேரம் நாங்கள் மட்டுமே அங்கே இருந்தோம்.


மறுமொழி
எழுதியவர்: பழஞ்சுவடி

பயணத்துக்குமுன் அந்த நிலத்தின் கதையையும் சற்று அறிந்துகொண்டால் நல்லது என்று தோன்றுவதால் எழுதுகிறேன். செரெங்கெட்டி என்பது முடிவில்லாத சமவெளி என்ற பொருளில் மசாய் மொழியிலிருந்து வந்த பெயர். 1951இல் தேசியப் பூங்கா ஆனது. 1959இல் இங்கோரோங்கோரோவைத் தனிப் பாதுகாப்புப் பகுதியாகப் பிரித்தபோது, செரெங்கெட்டிக்குள் மாடு மேய்த்து வாழ்ந்த மசாய் மக்களை அங்கே பெயர்த்து அனுப்பினார்கள். மோரு பாறைக்குன்றுகளில் மசாய் இளைஞர்கள் தீட்டிய கேடய ஓவியங்கள் இன்றும் இருக்கின்றன. ஓட்டுநரிடம் கேட்டால் காட்டுவார். மனிதர் வாழாத காடு என்று விளம்பரங்கள் சொல்வது சரியன்று.

அதேபோல், இந்தப் பெருங்கூட்டம் எப்போதும் இப்படியே இருந்ததும் இல்லை. 1890களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் பரவிய ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய், மசாய்களின் மாடுகளையும் வில்டபீஸ்ட்களையும் சேர்த்தே அழித்தது. மாடுகளை இழந்த மக்கள் பஞ்சத்தில் மடிந்தார்கள். பூங்காவைச் சுற்றியுள்ள மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டு 1960களில் நோய் அடங்கிய பிறகுதான், இரண்டரை லட்சம் அளவில் இருந்த வில்டபீஸ்ட்கள் 1970களின் பிற்பகுதிக்குள் பதின்மூன்று லட்சமாயின. மாட்டுக்குப் போட்ட ஊசியால் காட்டு விலங்கு பெருகியது என்பதை உங்கள் மகளிடம் சொல்லுங்கள். வழியில் ஓல்டுவாய் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 1959இல் தொல்லியல் ஆய்வாளர் மேரி லீக்கி தொல்மனித மண்டையோட்டைக் கண்டெடுத்த இடம் அது.


மறுமொழி
எழுதியவர்: மேருவடிவாரம்

கடைசியாக, தாயாரின் முழங்கால் பற்றி. லேண்ட் குரூசரில் பின் இருக்கைதான் மிகவும் தூக்கிப்போடும். அவரை ஓட்டுநருக்குப் பின்னால் முதல் வரிசையில் உட்காரவையுங்கள், இடுப்புக்கு ஒரு தலையணை கொடுங்கள். திரும்பும்போது மட்டும் செரோனேராவிலிருந்து அருஷாவுக்குச் சிறு விமானத்தில் அவரையும் உங்கள் மனைவியையும் அனுப்பும் வழியும் இருக்கிறது. ஒருவருக்கு 15 கிலோ வரை, மென்மையான துணிப்பையில்தான் ஏற்றுவார்கள். எரிமலைப் பள்ளத்துக்குள் இறங்கும் நாளை அப்போது முதலிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டியின் படி தரையிலிருந்து மிக உயரம். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறையாவது ஏறி இறங்க நேரும். இளையவர்களுக்கு அது தெரியாது, முழங்கால் வலி உள்ளவருக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிடும். அருஷாச் சந்தையில் உள்ளூர்த் தச்சர்கள் செய்யும் சிறிய மரமுக்காலி கிடைக்கும். வந்து இறங்கிய அன்று மாலையே ஒன்றை வாங்கி ஓட்டுநரிடம் கொடுத்து, பின்கதவின் அருகில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.